கருத்துணர்தலும் காலமுணர்தலும்

கல்லூரிக்கு வரும் நம் மாணாக்கருள் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிற் பயின்றவர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களும் அவருள் உளர். முதற்பகுதியாகிய தமிழில் நல்ல மதிப்பெண் பெறும் இவர்கள், இரண்டாம் பகுதியாகிய ஆங்கிலத்தில் இருவகை வினாக்களைக் கண்டு அஞ்சுகின்றனர். ஒன்று, கொடுக்கப்பட்ட உரைப்பகுதியைப் படித்து அதன் மையக்கருத்தை எழுதுதல், அல்லது அப்பகுதியை மூன்றிலொரு பங்காகச் சுருக்கி வரைதல். மற்றொன்று, கோடிட்ட இடங்களில் வினைச்சொல்லின் உரிய கால வடிவத்தை இட்டு நிரப்புதல். முன்னது படிப்புத்திறன் என்றும், பின்னது இலக்கணம் என்றும் வெவ்வேறு பாடவேளைகளில் கற்பிக்கப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதும், இவற்றை இணைக்கும் அறிவு தமிழிலக்கணம் கற்ற மாணவனிடம் முன்னரே அமைந்துள்ளது என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

ஆங்கிலம் கைவர வேண்டுமாயின் தமிழை மறந்துவிட்டுப் படி என்று அறிவுரை கூறுவாரும் உளர். பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஒரு மொழியில் எண்ணிப் பழகிய ஒருவன் அதனை வகுப்பறை வாயிலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருதல் இயலாது. இயலாததைச் செய்யச் சொல்வதைவிட, இருக்கும் அறிவைத் துல்லியமாகப் பயன்படுத்தச் சொல்வதே முறையாகும்.

முதலிற் கருத்துணர்தலை நோக்குவோம். ஒரு பத்தியின் மையக்கருத்து அதன் முதல் வாக்கியத்தில் இருக்கும் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. இவ்விதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்காட்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் பெயின் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையியல் நூலில், பத்தியின் தொடக்க வாக்கியம் அப்பத்தியின் பொருளைச் சுட்டவேண்டும் என்று வகுத்தார். அது எழுதுவோர்க்குக் கூறிய விதி. நாளடைவில் அதுவே படிப்போர்க்குரிய விதியாகவும் மாறிவிட்டது. ரிச்சர்டு பிராடக் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1974இல், தேர்ந்த எழுத்தாளர்களின் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு பத்திபத்தியாக ஆராய்ந்தபோது, கருத்து வாக்கியத்தை முதலில் வைத்துத் தொடங்கும் பத்திகள் சிறுபான்மையே என்று கண்டார். ஆதலின் முதல் வாக்கியத்தைப் பெயர்த்தெழுதி மதிப்பெண் எதிர்பார்க்கும் மாணவன் பன்முறை ஏமாற்றமடைகிறான்.

நம் உரையாசிரியர்கள் இதனை வேறுவிதமாக அணுகினர். உரை என்பது இன்ன இன்ன உறுப்புகளையுடையது என்று நன்னூல் பதினான்கினை எண்ணிக் காட்டுமிடத்து, பாடத்தை அடுத்துக் கருத்தை வைக்கிறது. சொற்பொருள் அதற்குப் பின்னரே வருகின்றது. நம் மாணவர் செய்வதோ இதற்கு நேர்மாறு. முதல் வரியிலேயே அறியாத சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அங்கேயே நின்று அகராதியைப் புரட்டுகின்றனர். பத்தி முடியுமுன் தேர்வுநேரம் முடிந்துவிடுகின்றது.

செய்யுளுக்குப் பொருள்கொள்ளும் முறை எட்டு என்று நாம் கற்றிருக்கின்றோம். ஆற்றுநீர் போல் நேரே செல்வதும் உண்டு. நடுவில் நின்ற சொல் ஊசல்போல் முன்னும் பின்னும் சென்று பொருள் தரும் தாப்பிசையும் உண்டு. ஈற்றிலுள்ளது இடைக்கும் முதலுக்கும் சென்று பொருந்தும் அளைமறிபாப்பும் உண்டு. இவை செய்யுளுக்கு வகுத்தவை. எனினும், கருத்து எவ்விடத்தும் நிற்கலாம், தேடிக் கொள்ளவேண்டியது படிப்போன் கடன் என்னும் மனப்பான்மையை இவை நமக்குத் தருகின்றன. ஆங்கிலப் பத்தியைப் படிப்பதற்கும் இம்மனப்பான்மையே வேண்டும்.

தேடுவதற்குக் கைவிளக்கு எது? வினைச்சொல் என்பதே என் விடை.

தமிழில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அவன் வைகறையில் எழுந்து, தொழுது, பசியாறி, பேருந்தில் ஏறிக் கல்லூரிக்குச் சென்றான். இதனுள் ஐந்து செயல்கள் உள்ளன. எழுந்து, தொழுது, ஆறி, ஏறி என்னும் நான்கும் எச்சங்கள். சென்றான் என்பது ஒன்றே முற்று. வாக்கியத்தை ஒரு சொல்லிற் சுருக்குக என்றால் எந்தத் தமிழ் மாணவனும் சென்றான் என்பதையே கூறுவான். எச்சங்கள் முற்றினை நோக்கி நடக்கின்றன, முற்று வந்தவுடன் பொருள் நிறைகின்றது. எது துணைச்செய்தி, எது தலைமைச்செய்தி என்பதை நம் மொழி வினையின் வடிவத்தைக் கொண்டே அறிவித்துவிடுகின்றது. இதனை நாம் கற்காமலே அறிந்திருக்கின்றோம். இலக்கணம் அதற்குப் பெயரிட்டது, அவ்வளவே.

ஆங்கிலத்தில் இத்துணை நீண்ட எச்ச அடுக்கு இயல்பன்று. அம்மொழி இந்நான்கு செயல்களையும் பெரும்பாலும் முற்றுவினைகளாகவே சொல்லிச் செல்லும். அங்ஙனமாயின் தலைமைச்செய்தியையும் துணைச்செய்தியையும் வேறுபடுத்துவது எவ்வாறு? ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கும் பகுதியில் இவ்வேலையில் பெரும்பங்கினை இறந்தகால வடிவங்களே மேற்கொள்கின்றன. நமக்கு வேண்டிய வடிவங்கள் மூன்று. 'ரோட்' என்பது எழுதினான் என்னும் தனி இறந்தகாலம். 'வாஸ் ரைட்டிங்' என்பது எழுதிக்கொண்டிருந்தான் என்னும் தொடர் இறந்தகாலம். 'ஹேட் ரிட்டன்' என்பது எழுதியிருந்தான் என்னும் வடிவம். இறந்தகாலத்திற்கும் முன்னே இறந்துபோனதைக் கூறுவதால் இதனை முன்னிறந்தகாலம் என்று வழங்கலாம். இம்மூன்றையும் வாய்பாடாக ஒப்பிக்கும் மாணவர் பலர். ஒரே பத்தியில் இவை மூன்றும் கலந்து வரும்போது ஒவ்வொன்றும் என்ன தொழில் செய்கின்றது என்று கேட்டால் விடை வருவதில்லை.

ஒரு பகுதியைக் கொண்டு இதனை விளக்குதல் நலம். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவின் பயணநூலிற் காணும் செய்திகளைக் கொண்டு, பயிற்சிக்கென ஆங்கிலத்தில் ஒரு பத்தி அமைப்பதாகக் கொள்வோம். அதன் தமிழ் வடிவம் இது: இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபர் கரையை நோக்கிக் கப்பலிற் புறப்பட்டார். அவர் 1325இல் தாஞ்சியர் நகரை விட்டு நீங்கியிருந்தார். தில்லியிலும் மாலத்தீவிலும் காஜியாகப் பணியாற்றியிருந்தார். இலங்கையில் ஆதம் மலை மீதும் ஏறியிருந்தார். கப்பல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பெருங்காற்று ஒன்று அதனைத் தாக்கியது. மறுநாட்காலை கரையோர மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். மதுரை சுல்தான் ஆளனுப்பி அவரைத் தம்மிடம் வருவித்தார்.

இதனைச் சுருக்கி எழுதுக என்றால் பயிற்சியில்லாத மாணவன் எதனை எடுத்துக்கொள்வான்? 1325 என்னும் ஆண்டு கண்ணிற் படுகின்றது. தில்லி, மாலத்தீவு, ஆதம் மலை என்னும் பெயர்கள் ஒளிர்கின்றன. இவையே முதன்மை என்று கருதி, இப்னு பதூதா 1325இல் புறப்பட்டார், தில்லியில் காஜியாக இருந்தார், ஆதம் மலையில் ஏறினார் என்று எழுதுகிறான். புயலும் மீட்பும் விடுபட்டுப் போகின்றன. அவன் எழுதியவற்றுள் பொய்யொன்றுமில்லை. ஆயினும் பத்தியின் கருத்து அதுவன்று.

இப்பொழுது வினைகளை மட்டும் நோக்குக. நீங்கியிருந்தார், பணியாற்றியிருந்தார், ஏறியிருந்தார் என்னும் மூன்றும் ஆங்கிலத்தில் 'ஹேட்' பெற்று வருவன. நெருங்கிக்கொண்டிருந்தது என்பது 'வாஸ் நியரிங்' என வருவது. இந்நான்கையும் தற்காலிகமாக ஒதுக்கிவிடுவோம். எஞ்சுவன 'செட் சேய்ல்', 'ஸ்ட்ரக்', 'ரெஸ்க்யூட்', 'சென்ட் ஃபார்' என்னும் நான்கு தனி இறந்தகால வினைகள். புறப்பட்டார், தாக்கியது, மீட்டனர், வருவித்தார். இவற்றைத் தொடுத்தால் சுருக்கம் தானே அமைந்துவிடுகின்றது: இலங்கையிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா கடலிற் புயலுக்கு ஆளாகி, கரையோர மக்களால் மீட்கப்பட்டு, மதுரை சுல்தானைச் சென்றடைந்தார். தமிழிற் சுருக்கும்போது ஆளாகி, மீட்கப்பட்டு என்று எச்சங்கள் தாமாகவே வந்து அமைந்தமையையும் காண்க. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் காலவடிவம் செய்த வேலையை, தமிழில் முற்றும் எச்சமும் பகிர்ந்துகொள்கின்றன.

'ஹேட்' பெற்ற வினைகள் கதையை முன்னே நகர்த்துவதில்லை. கதையை நிறுத்தி, அதற்கு முன் நடந்ததைத் திரும்பிப் பார்க்கச் செய்கின்றன. 'வாஸ்' என்பதுடன் 'இங்' ஈறு பெற்றவை நிகழ்ச்சிக்குரிய களத்தை விரிக்கின்றன. தனி இறந்தகாலமே ஓரடி ஓரடியாக முன்செல்கின்றது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு வைன்ரிஹ், 1964இல் வெளியிட்ட காலவடிவங்கள் பற்றிய நூலில், கதைகூறலில் முன்னணி, பின்னணி என்னும் வேறுபாட்டைக் காட்டுவதும் வினையின் காலவடிவத்திற்குரிய தொழில் என்று விளக்கினார். அமெரிக்க மொழியியலார் பால் ஹாப்பர் 1979இல் பல மொழிகளை ஒப்பிட்டு இதனையொத்த கருத்தையே வலியுறுத்தினார். காலவடிவம் என்பது கடிகார நேரத்தை மட்டும் காட்டுவதன்று என்பதே இவர்தம் ஆய்வால் நாம் பெறுவது.

ஓர் எச்சரிக்கை. 'வாஸ்' கண்டவுடன் பின்னணி என்று தள்ளிவிடலாகாது. 'வாஸ் ரெஸ்க்யூட்' என்பது மீட்கப்பட்டார் என்னும் செயப்பாட்டுவினை. அது முன்னணியே. 'இங்' ஈறு உண்டா இல்லையா என்று நோக்குதல் வேண்டும்.

படிக்கும்போது பயன்படும் இவ்வறிவே எழுதும்போதும் பயன்படும். தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் மிகுதியாகப் பிழைபடும் இடம் முன்னிறந்தகாலமாகும். அவர் நேற்று நம் கல்லூரிக்கு வந்திருந்தார் என்று தமிழிற் கூறுகின்றோம். இது பிழையற்ற தமிழ். இரு என்னும் துணைவினை தன் இயற்பொருளை முற்றும் இழக்காமல், வந்தார், வந்து இங்கே இருந்தார் என்னும் குறிப்பினைத் தருகின்றது. மரியாதையும் சற்றே கூடுகின்றது. இதனை அப்படியே 'ஹீ ஹேட் கம் யெஸ்டர்டே' என்று பெயர்த்தால் ஆங்கில வாசகன் அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பான். வந்திருந்தார், எதற்கு முன்? அவர் வந்ததற்குப் பின் என்ன நடந்தது? விடை வராததால் அவ்வாக்கியம் பாதியில் நின்ற பாலம்போல் தோன்றும். நேற்று நடந்த ஒன்றை மட்டும் கூறுவதாயின் 'ஹீ கேம் யெஸ்டர்டே' என்பதே போதும். முதல்வர் வருமுன் அவர் வந்திருந்தார் என்று இரு நிகழ்ச்சிகளை முன்பின்னாக வைக்கும்போதே 'ஹேட்' தேவைப்படும். எனவே இருந்தார் என்று முடியும் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்குமுன், பின்னால் இன்னொரு நிகழ்ச்சி உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் மாணவன் இப்பிழையினின்றும் தப்புவான்.

இதனையொத்ததே 'ஹேவ்' பற்றிய தடுமாற்றம். பார்த்திருக்கிறேன் என்பது 'ஹேவ் சீன்'. ஆனால் நேற்று, சென்ற ஆண்டு, 1947இல் என்று முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் உடன்வந்தால் ஆங்கிலம் 'ஹேவ்' என்பதை ஏலாது, 'சா' என்றே கூறும்.

தமிழ் தடையாகாமல் நேரே வழிகாட்டும் இடங்களும் உள. 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதும் மாணவர் எண்ணற்றோர். விதியை நூறுமுறை எழுதச் செய்தும் இது மாறுவதில்லை. போகவில்லை என்னும் தமிழ்ச்சொல்லைப் பிரித்துக் காட்டினால் மாறுகின்றது. போக என்பதில் காலம் உண்டா? இல்லை. போனேன்இல்லை என்று இன்றைய தமிழில் எவரும் கூறுவதில்லையே! எதிர்மறை வந்தவுடன் முதல்வினை காலத்தைக் கழற்றி வைத்துவிடுகின்றது. ஆங்கிலத்திலும் அவ்வாறே. காலத்தை 'டிட்' சுமந்துகொள்ள, 'கோ' வெறும் வினையடியாய் நிற்கின்றது. (சென்றிலேன் எனப் பழந்தமிழில் எதிர்மறையிலும் காலம் காட்டும் வழக்குண்டே எனத் தமிழ்த்துறை மாணவர் வினவலாம். வினவட்டும். நம் பேச்சு இக்கால உரைநடை பற்றியது.)

'ஐ வாஸ் நோயிங்' என்பதும் இத்தகையதே. எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது என்று தமிழில் நாம் சொல்வதுண்டோ? தெரிந்திருந்தது, தெரியும் என்பன்றி வேறில்லை. அறிதல், விரும்புதல், உடைமை முதலிய நிலைகளைக் குறிக்கும் வினைகள் இரு மொழியிலும் தொடர் வடிவத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இவ்விடத்துத் தமிழ்ச்செவியை நம்பினாலே போதும். பண்டைய வழக்கத்தைக் கூறும் முறையிலும் வியப்பான ஒற்றுமை உண்டு. அக்காலத்தில் என் பாட்டனார் வைகறையில் எழுவார், கடைக்குச் செல்வார் என்கின்றோம். வடிவம் எதிர்காலம், பொருளோ இறந்தகால வழக்கம். ஆங்கிலமும் இதே பொருளில் 'வில்' என்பதன் இறந்தகால வடிவமாகிய 'வுட்' என்பதை ஆளும். 'யூஸ்ட் டு' என்பது இன்னொரு வழி.

அயற்கூற்று மட்டும் நம் மொழிக்கு முற்றிலும் வேறானது. நாளை வருவேன் என்றான் என்பதில் அவன் சொன்ன சொல்லை மாற்றாமல் என்றான் என்பதனை மட்டும் சேர்க்கின்றோம். ஆங்கிலம் 'செட்' என்னும் இறந்தகாலத்திற்கு இணங்க 'வில்' என்பதனையும் 'வுட்' ஆக்கிவிடுகின்றது. இங்குக் காலவடிவம் முன்னணி பின்னணி எதனையும் காட்டவில்லை. இயைபு ஒன்றே காரணம். இதனைத் தனியே பயின்றே ஆகவேண்டும்.

மதரஸாவில் அரபு பயின்று வந்த மாணவர்க்கு இன்னுமொரு வாய்ப்பு உண்டு. அரபு மொழியில் வினைவடிவம் மாளீ, முளாரிஃ என இரண்டே. கதப என்றால் எழுதினான், யக்துபு என்றால் எழுதுகிறான். அவ்விரண்டின்முன் கான என்னும் சொல்லைச் சேர்த்து, கான யக்துபு என்றால் எழுதிக்கொண்டிருந்தான் அல்லது எழுதுவது வழக்கமாயிருந்தது என்றும், கான கத் கதப என்றால் எழுதியிருந்தான் என்றும் பொருள் பெறப்படும். 'வாஸ்', 'ஹேட்' என்பன ஆங்கிலத்திற் செய்யும் தொழிலைக் 'கான' அங்கே செய்கின்றது. இம்மாணவர்கள் ஆங்கில வகுப்பின் கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருப்பது வருந்தத்தக்கது. மூன்று மொழி இலக்கணத்தை ஒப்பிடும் வசதி அவ்வகுப்பில் அவர்களுக்கே உரியது.

இதுகாறும் கூறியது நிகழ்ச்சியை எடுத்துரைக்கும் பகுதிகளுக்குப் பொருந்தும். ஒரு கருத்தை நிறுவும் கட்டுரைப்பகுதிக்கு இதனை அப்படியே பொருத்தினால் இடறிவிழ நேரும். இலண்டன் மாநகரின் ஸோஹோ பகுதியில் 1854இல் பரவிய வாந்திபேதி நோய் பற்றிய பத்தி பல பாடநூல்களில் இடம்பெறத்தக்கது. அதன் போக்கு பெரும்பாலும் இவ்வாறிருக்கும்: வாந்திபேதி அசுத்த நீரால் பரவுகின்றது. 1854இல் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஸோஹோவில் இறந்தோரின் வீடுகளை ஆராய்ந்தார். அவருட் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஒரு குழாயின் நீரைப் பருகியிருந்தனர். செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்குள் நோயின் வேகம் குறையத் தொடங்கியிருந்தது.

இங்குத் தனி இறந்தகால வினைகளைத் தொடுத்தால் ஸ்னோவின் கதை கிடைக்கும், கருத்துக் கிடைக்காது. கருத்து, பரவுகின்றது என்னும் நிகழ்கால வாக்கியத்தில் உள்ளது. எஞ்சிய இறந்தகால வாக்கியங்கள் அதற்குச் சான்றுகள். இறந்தகால வாக்கியங்களின் நடுவே நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம் தனித்து நின்றால், அது முதலில் நிற்பினும் இடையில் நிற்பினும் ஈற்றில் நிற்பினும், அங்கே கருத்து உண்டா என்று ஐயுற்று நோக்குதல் வேண்டும்.

இறுதி வாக்கியமோ இன்னும் நுட்பமானது. குறையத் தொடங்கியிருந்தது, 'ஹேட் பிகன் டு ஃபால்'. இவ்விடத்தில் 'ஹேட்' பெற்ற வினையைப் பின்னணி என்று ஒதுக்கிவிட முடியாது. அதனை விட்டுவிட்டோ, 'பிகன்' என்று மாற்றியோ படிக்கும் மாணவன், கைப்பிடியை அகற்றினார்கள், அதனால் நோய் தணிந்தது என்று விடை எழுதுவான். கேட்பதற்கு அது நல்ல கதை. நடந்தது அதுவன்று. மக்கள் அஞ்சி அப்பகுதியை விட்டு வெளியேறியிருந்தனர், நோயும் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது. கைப்பிடியை அகற்றியதன் பயன் இவ்வளவு என்று அறுதியிட்டுக் கூறமுடியாத நிலையை 1855இல் வெளிவந்த தம் நூலில் ஸ்னோவே ஒப்புக்கொண்டுள்ளார். எது முன்னது, எது பின்னது என்று காட்டும் அந்த ஒரு 'ஹேட்', எதனால் எது விளைந்தது என்பதனையும் அங்கே முடிவுசெய்கின்றது.